கல்லுக்காரரின் கடைசிச் சோதனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து துணி துவைக்கும் மெஷினைச் சரிசெய்தார்கள். மகள் வாரத்துக்கு ஒருமுறை பெற்றோரைப் பார்க்க வருவாள். வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று பழுதாகி அவளுக்காகக் காத்திருக்கும். அன்று மெஷினின் முறை. தண்ணீர் வெளியேறும் குழாய் கசிந்தது. அப்பா தரையில் ஒருக்களித்துப் படுத்து மெஷினுக்குப் பின்னால் கையை விட்டார். மகள் டார்ச் பிடித்தாள்.

"வெளிச்சம் எனக்கு வேணும். சுவருக்கு இல்ல."

"உங்க தலை மறைக்குதுப்பா."

"அறுபத்திமூணு வருஷமா இருக்கிற தலை. இப்ப கழட்டி வைக்கச் சொன்னா எப்படி?"

"கழட்டினாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது," என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டே குழாயின் பட்டையை முறுக்கினார். முறுக்கியபடியே கேட்டார்: "வியாழக்கிழமை லீவு போட முடியுமா?"

"எதுக்குப்பா?"

"ஒரு இடத்துக்குப் போகணும். உன் கையெழுத்து ஒண்ணு வேணும். பத்து மணிக்கு. அரை மணி நேரம்தான்."

"வியாழன் எங்க ஆஸ்பத்திரியில ஆடிட் இருக்கு. பாக்கறேன்."

"பாரு," என்றார். பட்டையை இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.

காலி மெஷினை ஓடவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. அவ்வளவுதான். அவள் ஆடிட் தேதியை மாற்ற முடியுமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அவர் இறந்துபோனார்.

தராசு பழுதுபார்ப்பவர் அவர். சந்தைக்குப் பின் தெருவில் ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் அளவுக்கு ஓர் அறைதான் பட்டறை. சந்தையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோதனை எடைக்கற்களைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவதால் கல்லுக்காரர் என்பார்கள். அந்தக் கற்களை வெறுங்கையால் தொடமாட்டார். விரல் ஈரம் படிந்தால்கூட எடை கூடிவிடும் என்று துணி சுற்றித்தான் எடுப்பார். "பொண்டாட்டியை இப்படி மெத்துமெத்துன்னு தாங்கியிருந்தா எங்கேயோ போயிருப்பீங்க," என்பார் கறிக்கடைக்காரர். "அவ தாங்கறதாலதான் இங்கயாவது இருக்கேன்," என்பார் இவர்.

எந்தத் தராசுக்கும் அவருடைய முறை ஒன்றுதான். முதலில் தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு, எடை நிச்சயமாகத் தெரிந்த கல்லை நடுவில் வைப்பார். பிறகு அதே கல்லைத் தட்டின் நாலு மூலையிலும் நகர்த்தி நகர்த்தி வைப்பார். அவசரக் கடைக்காரர்கள் நடுவோடு போதும் என்பார்கள். "நடுவுல வெச்சா எல்லாத் தராசும் நல்ல பிள்ளைதான் தம்பி. மூலையிலதான் அதோட குணம் தெரியும்." எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். பூஜ்யம், நடு, மூலை நாலு, முடிவு. முடிவு என்பது சரி அல்லது சரியில்லை. சுமார் என்ற சொல் அந்த நோட்டில் கிடையாது.

மகளும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறாள். ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் உடம்பில் மருந்து ஏற்றும் பம்புகளைச் சோதிக்கும் இன்ஜினியர். "உன் மெஷின் பொய் சொன்னா ஆள் போயிடுவான். என் மெஷின் பொய் சொன்னா அரைக்கிலோ வெங்காயம் போகும். ஆனா சத்தம் என்னவோ என்கிட்டதான் ஜாஸ்தி," என்பார்.

பழைய இரும்புக் கடையில்தான் விழுந்தார். தரையோடு பதித்த பெரிய தராசு. இருபது கிலோ கல்லை மூன்றாவது மூலையில் வைத்துவிட்டு நிமிரும்போது அப்படியே தட்டின் மேல் சரிந்தார். இரும்புக் கடைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எண்பத்தொன்பது காட்டுச்சும்மா. கல்லோட சேர்த்து எண்பத்தொன்பது. நான் அவரைப் பிடிக்கிறதா, அதைப் பாக்கிறதா? நம்பர் அசையவே இல்ல. என்னால தாங்க முடியல. ஸ்விட்சைப் பிடுங்கிட்டேன்."

மகள் தலையாட்டினாள். மூச்சு இருந்தால் நம்பர் கொஞ்சமாவது ஆடும் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் அப்பாவின் போன் அடித்தது.

"சார் இருக்காரா?"

"இல்ல. நான் அவர் பொண்ணு."

"மேடம், இந்த மாசத் தவணை இன்னும் வரல. பன்னிரண்டாவது மாசம். இந்த நேரத்துல விட்டா எல்லாம் வீணாயிடும்."

"எந்தத் தவணை? நீங்க ராங் நம்பர் போட்டிருக்கீங்க."

அந்த ஆள் அப்பாவின் முழுப் பெயரைச் சொன்னான். பிறந்த தேதி, வீட்டு எண், அம்மாவின் பெயர் எல்லாம் சொன்னான். ஐந்து கடன்களின் எண்களையும் வரிசையாகச் சொன்னான்.

மகள் போனை வைத்துவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில், சமையலறைத் தராசு வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தன எல்லாம். இரண்டு வங்கிகள், ஒரு கிரெடிட் கார்டு, இரண்டு கடன் கம்பெனிகள். எச்சரிக்கைக் கடிதங்கள் மடிப்புக் கலையாமல் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். கை பொய் சொல்கிறதென்று கால்குலேட்டரில் கூட்டினாள். மூன்றாம் முறையும் அதே தொகை. அவளுடைய ஒன்றரை வருடச் சம்பளம்.

"உங்கப்பாவா?" என்றாள் அம்மா. "தீப்பெட்டி கடன் கேக்கக்கூட பக்கத்து வீட்டுப் படி ஏறாத மனுஷன்டீ. வேற யாரோடதாவது இருக்கும். நல்லாப் பாரு."

நன்றாகப் பார்த்தாள். முதல் கடனின் தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்த வாரம். அப்போது செலவில் பாதியைச் சங்கம் கொடுத்துவிட்டது, மீதிக்குச் சேமிப்பு இருந்தது என்று சொல்லியிருந்தார். அவர் இருந்தது எந்தச் சங்கம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தராசு பழுதுபார்ப்பவர்களுக்கு அந்த ஊரில் சங்கமே கிடையாது. இரண்டாவது கடன் முதலாவதின் தவணையைக் கட்ட. மூன்றாவது இரண்டாவதின் தவணையைக் கட்ட. அதற்கப்புறம் நூல்கண்டு அதுவாகவே உருண்டிருந்தது.

அம்மா நின்றிருந்த இடத்திலேயே இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப நான் மூணு வருஷமா நடக்கிறதே கடன்லயா?"

மகள் பெட்டியில் மீதி இருந்ததை வெளியே எடுத்தாள். பெட்டியின் அடியில் பதினொரு ரசீதுகள் இருந்தன. கடனிலிருந்து விடுவிக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனி ஒன்றின் ரசீதுகள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். இனிக் கடன் கொடுத்தவர்களுக்கு எதுவும் கட்டவேண்டாம், அவர்கள் போனை எடுக்கவேண்டாம், மாதாமாதம் எங்களிடம் கட்டுங்கள், நாங்கள் பேசிப் பாதிக்குக் குறைத்துத் தருகிறோம். கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்: முதல் பதினெட்டு மாதத் தொகை சேவைக் கட்டணம்.

அன்று மாலைக்குள் ஐந்து இடத்துக்கும் போன் செய்தாள். ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அப்படி ஒரு கம்பெனி எங்களிடம் பேசியதே இல்லை. பதினொரு மாதமாக ஒரு காசு வரவில்லை. வட்டிக்கு வட்டியும் அபராதமும் ஏறியிருக்கிறது.

கல்லில் விரல் ஈரத்தைக்கூடப் பொறுக்காத மனிதரை எவனோ பதினொரு மாதம் எடை போட்டுத் தின்றிருக்கிறான்.

அதற்குள் அந்தக் கம்பெனிக்காரன் அம்மாவைப் பிடித்துவிட்டான். பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்றான். அம்மா தன் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்றான். இல்லையென்றால் கட்டியதெல்லாம் போய்விடும். நாளை நாலு மணிக்குத் தாளோடு வருகிறேன் என்றான்.

"கையெழுத்துப் போட்டுடறேன்டீ," என்றாள் அம்மா. "என் இடுப்புக்காக வாங்கின கடன். செத்த மனுஷனைக் கடன்காரன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. வீட்டை வித்தாவது கட்டறேன்."

"அவங்க ஏமாத்தறாங்கம்மா."

"நேத்து வரைக்கும் உனக்கு இந்தக் கடனே தெரியாது. இன்னிக்கு எல்லாம் தெரியுமா?"

அது நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனி ஏமாற்றுகிறது என்று சொல்ல முடிந்தது. பின்னே யாரை நம்புவது என்று சொல்ல முடியவில்லை. இணையத்தில் தேடினால் அதே மாதிரி நாற்பது கம்பெனி. எல்லாம் சிரித்த முகம், எல்லாம் பாதி விலை.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்கப் போனாள். யாருடைய தராசாவது திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும். மேஜை மேல் நோட்டு இருந்தது. கடைசியாக எழுதிய பக்கங்களைப் புரட்டினாள்.

"தராசு 1. மூணாம் மாடி, கண்ணாடிக் கதவு. மகள் சொன்னபடி ஸ்டார் பார்த்தேன், நாலே முக்கால். சோதிக்காமல் சேர்ந்தேன், பதினொரு மாதம் கட்டினேன். என் தப்பு. முடிவு: சரியில்லை."

இரண்டு தடவை படித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன வருடம் ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்டில் நிற்கும்போது அப்பா போனில் கேட்டிருந்தார்: "ஒரு கம்பெனி நல்ல கம்பெனியான்னு எப்படிப் பாக்கறது?" "நெட்ல ஸ்டார் போட்டிருப்பாங்கப்பா. நாலுக்கு மேல இருந்தா ஓகே." எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த பக்கத்தில், தராசுகளுக்குச் செய்யும் அதே கோடுகள், அதே கட்டங்கள். மேலே தலைப்பு: "கல்." கீழே எழுதியிருந்தார்: "ஒரே ஒரு சின்னக் கடன். ஆசாமி வேலையில் இருக்கிறார். வெளியில் சாப்பிடுவதை நிறுத்தினால் நாலு மாதத்தில் தானே கட்டிவிடலாம். யார் உதவியும் தேவையில்லை. சரியான விடை: வீட்டுக்குப் போங்கள்."

மகளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அப்பா ஒரு கடனைக் கற்பனை செய்திருக்கிறார். அதன் விடை அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு, கடனுக்கு ஆலோசனை சொல்கிறவர்களிடமெல்லாம் கடை கடையாக ஏறியிருக்கிறார்.

"தராசு 2. பூஜ்யம்: கேள்வி கேட்கும் முன்னால் பதிவுப் பணம் கேட்டார்கள். தட்டு காலியாக இருக்கும்போதே நம்பர் ஓடுது. மேலே பார்க்கவில்லை. சரியில்லை."

"தராசு 3. பூஜ்யம் சரி. நடு: மூணு வருடத் திட்டம் போட்டார்கள், நாலு மாதக் கடனுக்கு. சரியில்லை."

"தராசு 4. நூலகத்துக்குப் பின்னால். ரெண்டு மேஜை, ஃபேன் கத்துது. பூஜ்யம்: பணம் கேட்கவில்லை. வரவு செலவு முழுக்கக் கேட்டார்கள், ஒண்ணே கால் மணி நேரம். நடு: 'இதுக்கு நாங்க தேவையில்ல, வீட்டுக்குப் போங்க.' மூலை 1, நேரில், ஆலோசனை சொல்லும் அம்மா: அதே விடை. மூலை 2, போனில், வேறு ஆள்: அதே விடை. மூலை 3, சாயங்காலம், மூடும் நேரம், அவசரம்: அதே விடை. மூலை 4, இன்றே பணம் தருகிறேன், ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன்: வாங்கவில்லை. கோபித்துக்கொண்டார். அனுமதிப் பத்திரம் சுவரில் இருக்கு, கொடுத்த அலுவலகத்தில் கேட்டேன், உண்மை. கட்டணம் எழுத்தில் இருக்கு, முதல் தவணை கடன் கொடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். பாதியாகக் குறையும் என்று சொல்லவில்லை. ரெண்டு தடவை 'தெரியாது' என்றார். முடிவு: சரி."

நாலு மணிக்குக் கம்பெனிக்காரன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, சார் எவ்வளவு தங்கமானவர் என்று ஆரம்பித்தான்.

"ஆயிரம் கேஸ் பாத்திருக்கேம்மா. உங்க கேஸ் ரொம்ப ஸ்பெஷல். என் சொந்த அம்மா மாதிரி நெனைச்சு செய்றேன். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

மகள் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போனாள். நோட்டில் இருப்பது அப்பாவின் அளவு. ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் எடுத்துப் பார்க்காமல் அவள் எந்த மெஷினிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த போனை எடுத்தாள். அந்த எண் அவனுக்குத் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு, அவன் கொடுத்திருந்த விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணை அழுத்தினாள். கூடத்தில் போன் அடித்தது.

"ஒரு நிமிஷம்மா, ஆபீஸ் போன்," என்று அவன் எடுத்தான்.

அவள் தணிந்த குரலில் அப்பாவின் கல்லை வைத்தாள். ஒரே ஒரு சின்னக் கடன். வேலை இருக்கிறது. வெளியில் சாப்பிடுவதை நிறுத்தினால் நாலு மாதத்தில் முடியும் என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில் காதிலும் கேட்டது, கூடத்திலிருந்தும் கேட்டது.

"ஐயோ, நீங்களா கட்டிடாதீங்க மேடம்! மூணு வருஷத் திட்டம் போட்டுடலாம். பேங்க் போனை எடுக்காதீங்க. ஆயிரம் கேஸ் பாத்திருக்கேன், உங்க கேஸ் ரொம்ப ஸ்பெஷல். என் சொந்த அக்கா மாதிரி நெனைச்சு செய்றேன்."

மகள் போனைக் காதில் வைத்தபடியே அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். "நன்றி தம்பி," என்றாள்.

அவன் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது.

அம்மா பேனாவை மூடினாள். மூடி மாட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஒரு நிமிஷத்துல உனக்கு அம்மாவும் கெடச்சுட்டா, அக்காவும் கெடச்சுட்டா," என்றாள். "குடும்பம் பெருசாயிடுச்சு. கிளம்பு."

அவன் போன பிறகு அம்மா கதவைத் தாழிட்டாள். "உங்கப்பா இவன் முன்னாடியா உக்காந்திருந்தார்?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

அடுத்த நாள் மகள் நூலகத்துக்குப் பின்னால் போனாள். ரெண்டு மேஜை. ஃபேன் கத்தியது. ஜலதோஷம் பிடித்த ஒரு நடுவயதுப் பெண் ஆலோசகர், மூக்கைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

"ஒரே ஆசாமி ஒரே சின்னக் கடனை வெச்சுக்கிட்டு நாலு விதமா வந்தார். நாலாவது தடவை நான் கத்திட்டேன். அப்பதான் சிரிச்சுட்டு, 'இப்ப என்னோட உண்மையான கடனைச் சொல்லலாமா'ன்னு கேட்டார். வியாழக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு வரேன்னார். வரல."

"ஏன் வரலன்னு நீங்க கூப்பிடலையா?"

"வீட்டுல தெரியாதுன்னு எழுதியிருந்தார். நாங்க கூப்பிடக் கூடாது."

மகள் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஐந்து கடன் பத்திரங்களையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நாலில் அப்பாவின் கையெழுத்து மட்டும். மீதி ஒன்றில், அதாவது முதலில் வாங்கிய கடனில், அம்மாவின் கையெழுத்தும் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் தேதி. ஆஸ்பத்திரித் தாள் என்று சொல்லி வாங்கியிருப்பார். மகள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணு உங்க அம்மா கட்டவேண்டி வரும். தாங்கற மாதிரி திட்டம் போடலாம். மத்த நாலுக்கும் இப்ப எதுவும் கட்டாதீங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அவர் விட்டுட்டுப்போன சொத்து என்ன, யார் பொறுப்புன்னு அவங்களை எழுத்துல கேப்போம். வீட்டை வித்துக் கட்டறேன்னு உங்கம்மா யார்கிட்டயும் வாய்விட வேண்டாம்."

"அந்தப் பதினொரு மாசப் பணம் திரும்ப வருமா?"

"தெரியாது. புகார் எழுதலாம். வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்பா சரி என்று எழுதியது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது.

கடைசியாக அந்தப் பெண் அப்பா பூர்த்தி செய்த படிவத்தைக் காட்டினார். வரவு, செலவு, டீ செலவு, பட்டறை வாடகை, எல்லாம் அவருடைய சின்னச் சின்ன எழுத்தில். கீழே ஒரு கட்டம் மட்டும் காலி. குடும்பத்தில் ஒருவருக்கு விவரம் தெரியும், அவர் கையெழுத்து.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் நோட்டைப் பின்பக்கமாகத் திறந்தாள். அங்கே அவர் வாரத்து வேலைகளை எழுதி, முடிந்ததும் டிக் அடிப்பார். அந்த வாரத்தில் நாலு வரி இருந்தன.

மாத்திரை வாங்கணும். டிக்.

மெஷின் குழாய். டிக்.

இரும்புக் கடை, பெரிய தராசு. டிக் இல்லை.

வியாழன் பத்து மணி, நூலகம். மகளோடு நடந்தே போகணும். போற வழியில் சொல்லிடணும்.